சுவர் மட்டும் இருக்கிற பிலிம்

மஹ்தியா
9 மார்ச் 1991

அன்புள்ள நெஜீப் அண்ணனுக்கு, தலெந்தா எழுதுவது.

இறைவன் அருளால் நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி மட்டும் வழக்கம்போல. கேட்டால் ஒன்றுமில்லை என்பாள், அப்புறம் மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுவாள். நீ நலமா? அறையில் கணப்பைச் சரிசெய்து கொடுத்துவிட்டார்களா?

உன் தொழில் சம்பந்தமாக ஒரு யோசனை வேண்டும். எங்கள் பள்ளி ஓவிய வகுப்பு அலமாரியில் ஒரு மரக் கேமரா கிடந்தது. விரித்த உள்ளங்கை அளவுக்குத் தாள்தாளாகப் பிலிம் போடுகிற மாதிரி. தலைமையாசிரியை தூக்கிப் போடச் சொன்னார். நான் வீட்டுக்குத் தூக்கி வந்து, கிழிந்த துருத்திக்குத் தோல் ஒட்டி, சரிசெய்து வைத்திருக்கிறேன். செய்தி தெருவில் பரவிவிட்டது. எல்லாப் பெண்களுக்கும் இப்போது படம் வேண்டும். முக்காடு இல்லாமல், நகையெல்லாம் போட்டு, வீட்டுக்குள் எடுக்கிற படம்.

ஆனால் ஒரு நிபந்தனை. ஸல்லூஹா பெரியம்மா அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டாள்: "எடுத்துக்கோடி. ஆனா பிலிம கடையில குடுத்து, அந்த ஆம்பள என் தலமுடிய வெளிச்சத்துல தூக்கிப் பாக்குற கதையெல்லாம் வேணாம்." நானும் வாக்குக் கொடுத்துவிட்டேன். ஆண் கண் படாது. அதனால் வீட்டிலேயே நானே பிலிம் கழுவியாக வேண்டும். படிக்கட்டுக்குக் கீழே எண்ணெய் ஜாடி வைக்கிற அறைக்கு ஜன்னல் கிடையாது. என்னென்ன வாங்கட்டும்? தட்டா, தொட்டியா, வேறு ஏதாவதா?

பதிலுக்குக் காத்திருக்கும்,
தலெந்தா

———

மார்சேய்
24 மார்ச் 1991

அன்புத் தங்கை தலெந்தாவுக்கு,

உன் கடிதம் நோன்பு தொடங்கிய வாரத்தில் வந்தது. இங்கே நோன்பு திறக்க நானும் அறைத்தோழன் லொத்ஃபியும் சூப் வைக்கிறோம். அது சூப்தான் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே குடிக்கிறோம். உடம்பு நன்றாக இருக்கிறது. கணப்பு இன்னும் அப்படியேதான். அம்மாவை உப்பைக் குறைக்கச் சொல்.

பகல் முழுக்க அடுத்தவர் பிலிமைக் கழுவிவிட்டு வருகிறவனிடம் வீட்டிலிருந்தும் பிலிம் கேள்வியா! ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. கேள்.

வழி மூன்று. முதலாவது தட்டு. மூன்று தட்டில் படத்தை வரவைக்கிற டெவலப்பர், தண்ணீர், வந்த படத்தை நிலைக்க வைக்கிற ஹைப்போ. இருட்டில் பிலிம்களை அடுக்கிப் போட்டு, அடியில் இருப்பதை எடுத்து மேலே, மறுபடி அடியில் இருப்பதை மேலே என்று கையால் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். செலவே இல்லை, ஆனால் ஒன்றின் மூலை இன்னொன்றைக் கீறும். இரண்டாவது, எஃகுச் சட்டமும் ஆழமான தொட்டியும். ஒவ்வொரு பிலிமும் தனிச் சட்டத்தில் நிற்கும், ஒன்றையொன்று தொடாது. ஆனால் மருந்து நிறையக் குடிக்கும். மூன்றாவது, மூடிய குழாய். அதை உருட்டிக்கொண்டே இருக்கலாம், வெளிச்சத்திலும் வேலை நடக்கும். உன் கேமரா அளவுக்குக் கிடைப்பது அபூர்வம். தட்டில் ஆரம்பி. கை பழகட்டும். படம் பெரிதாக்கும் கருவி உனக்குத் தேவையில்லை. இவ்வளவு பெரிய பிலிமைத் தாளின் மேல் அப்படியே வைத்து வெளிச்சம் காட்டினால் போதும்.

நீ வாங்கும் பிலிமுக்குச் சிவப்பு விளக்குகூட ஆகாது, ஞாபகம் வை. முழு இருட்டு வேண்டும். பிலிமின் ஓரத்தில் சின்ன வெட்டு இருக்கும். அது வலது கை மேல்மூலையில் விரலுக்குத் தட்டுப்பட்டால் மருந்துப் பக்கம் உன்னைப் பார்த்திருக்கிறது என்று அர்த்தம்.

எதிர்வீட்டில் எல்லோரும் சுகமா? பெய்யா இன்னும் அந்தப் பாதாம் பலகாரம் செய்கிறாளா? சும்மா கேட்டேன்.

உன் அண்ணன்,
நெஜீப்

———

மஹ்தியா
20 ஏப்ரல் 1991

அன்புள்ள அண்ணனுக்கு,

பெருநாள் நல்லபடியாக முடிந்தது. உன் தட்டை அம்மா உன் இடத்தில் வைத்தாள். அவள் முட்டி இப்போது பரவாயில்லை.

தட்டு விஷயம் கேள். மக்ரூத் பலகாரம் சுடுகிற மூன்று தட்டையும் அம்மாவுக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டேன். தெரிந்துவிட்டது. அதற்குக் கிடைத்த திட்டை விடு. தண்ணீருக்குக் கிடைத்ததுதான் பெரிய திட்டு. குழாய்த் தண்ணீர் உப்புக் கரிக்கிறது, காய்ந்ததும் பிலிமில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழுகிறது. அதனால் முற்றத்தில் இருக்கிற மழைத் தொட்டியில் ஒரு வாளி இறைத்தேன். அம்மா வாசலில் நின்று, "தேத்தண்ணிக்கும் சோத்துக்கும் வச்ச வானத்துத் தண்ணிய, நாத்த மருந்துல கொட்றியா?" என்றாள். கடைசியில் பேரம் பேசி முடித்தோம். மருந்து கலக்கவும் கடைசி அலசலுக்கும் மட்டும் மழைத்தண்ணீர். நடுவில் எல்லாம் குழாய்.

முதல் தடவை ஐந்து பிலிமைச் சேர்த்துப் போட்டேன். நீ சொன்னபடியே மூலை கீறிற்று. பெரியம்மாவின் மூக்கில் நீளமாக ஒரு கோடு. அவளிடம் காட்டவில்லை, வெளிச்சம் பட்டுப் போய்விட்டது என்று பொய் சொன்னேன்.

சட்டமும் தொட்டியும் வேண்டும் அண்ணா. ஜூலையில் ஒரு பெண்ணுக்கு நிக்காஹ் எழுதுகிறார்கள். அன்றைக்கு மருதாணி வைத்து, அவளை நான் படம் எடுக்க வேண்டும். அதில் ஒரு கீறலும் விழக் கூடாது. தெருவில் எல்லோரும் சுகம்.

அன்புடன்,
தலெந்தா

———

மார்சேய்
5 மே 1991

அன்புத் தங்கைக்கு,

பெருநாள் வாழ்த்து. அம்மாவுக்கு என் முத்தம். தட்டை என் இடத்தில் வைத்ததை எழுதாமல் விட்டிருக்கலாம், தலெந்தா.

நான் வேலை செய்கிற பிலிம் கழுவும் கூடத்தில் பழைய தொட்டிகளை மாற்றினார்கள். மேலாளரிடம் கேட்டு மூன்று தொட்டியும் நாலு எஃகுச் சட்டமும் வாங்கி வைத்திருக்கிறேன். லொத்ஃபி ஜூன் ஆரம்பத்தில் கப்பல் ஏறுகிறான், அவனிடம் கொடுத்து விடுகிறேன். சுங்கத்தில் கேட்டால் ஊறுகாய்ப் பாத்திரம் என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

சட்டத்தின் ஓரங்களில் வரிசையாகத் துளை இருக்கும், மருந்து ஓடுவதற்கு. நாலையும் ஒரே பிடியில் தூக்கு. ஒரு பக்கம் சாய்த்து வடியவிடு, மறுபக்கம் சாய்த்து வடியவிடு, மெதுவாக இறக்கு. நிமிடத்துக்கு ஒரு தடவை, அவ்வளவுதான். நேரம் பார்க்க முள் ஒளிர்கிற கடிகாரம் வேண்டாம். பிலிமுக்குப் பக்கத்தில் இருந்தால் அந்த ஒளியே கெடுக்கும். டிக்டிக் என்று சத்தமாக ஓடுகிற பழைய கடிகாரமே போதும், எண்ணிக்கொள்.

இன்னொரு செய்தி. எனக்கு இங்கே நிரந்தரமாகத் தங்குவதற்கான காகிதம் இந்தக் கோடையில் வந்துவிடும் என்கிறார்கள். வந்த மறுநாள் கப்பல்தான். ஆகஸ்டில் நான் ஊரில் இருப்பேன் என்று அம்மாவிடம் சொல். எதிர்வீட்டிலும் பேச்சோடு பேச்சாகச் சொல்லி வை. நாலு கோடையாக வரவில்லை, மறந்தே போயிருப்பார்கள்.

நெஜீப்

———

மஹ்தியா
10 ஜூன் 1991

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல். லொத்ஃபி வந்தான். மூன்று தொட்டியும் நசுங்காமல் வந்து சேர்ந்தன. சுங்கக்காரர் மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, உங்கள் ஊறுகாய் கெட்டுப் போச்சு என்றாராம்.

கீறல் விழுந்த பழைய பிலிம்களைச் சட்டத்தில் மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு பழகுகிறேன். முதலில் எல்லாம் வழுக்கி விழுந்தன. இப்போது விரலே பார்த்துக்கொள்கிறது. பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து என் மூடிய கண்ணைப் பார்த்துச் சிரிக்கிறாள். கல்யாணமாகாத பெண் இருட்டில் தடவித் தடவி என்ன செய்கிறாள் என்று கேட்டு, தெருவையே சிரிக்க வைத்துவிட்டாள்.

கல்யாணப் பெண்ணின் அம்மா இன்னொரு நிபந்தனை போட்டிருக்கிறாள். கழுவி முடிக்காத பிலிம் அவர்கள் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாதாம். தொட்டியை அங்கேயே தூக்கிப் போய், அவர்கள் சாமான் அறையில்தான் வேலை செய்ய வேண்டும். சரி என்றேன். அம்மா உன்னை வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல்கிறாள்.

தலெந்தா

———

மார்சேய்
22 ஜூன் 1991

தலெந்தா,

நலம். நாளை பெருநாள். ஆகஸ்டு பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை. அம்மாவிடம் சொன்னாயா? அந்த வீட்டில் சொன்னாயா? காகிதம் இன்னும் கைக்கு வரவில்லை, வரிசையில் இருக்கிறது. அதற்கு முன்னால் இங்கிருந்து கிளம்பினால் திரும்ப உள்ளே விட மாட்டார்கள். உன் பதிலைப் பார்த்துத்தான் நாட்களை எண்ண வேண்டும்.

நெஜீப்

———

மஹ்தியா
16 ஜூலை 1991

அன்புள்ள அண்ணனுக்கு,

எழுதத் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. அம்மா நலம், நானும் நலம்.

அண்ணா, எல்லாம் போயிற்று. அவளை மூன்று பிலிமில் எடுத்தேன். கை இரண்டிலும் மருதாணி, கட்டிய துணியைக்கூட அவிழ்க்காமல் உட்கார்ந்திருந்தாள். அத்தனை அழகாக ஒருத்தியை நான் கேமராக் கண்ணாடிக்குள் பார்த்ததில்லை. அவர்கள் வீட்டிலேயே கழுவினேன். கீறல் ஒன்றுமில்லை. ஆனால் நாலு ஓரத்திலிருந்தும் உள்நோக்கிப் பட்டை பட்டையாகக் கறுப்பு ஓடியிருக்கிறது. தாளில் எடுத்தால் அது வெளுத்து, அவள் தோளிலும் கன்னத்திலும் யாரோ சுண்ணாம்புக் கையை வைத்த மாதிரி விழுகிறது. நான் அழுதேன். அவள் அழவில்லை. "எனக்குக் குடுத்து வச்சது அவ்ளோதான், விடு" என்று மட்டும் சொன்னாள். அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

ஆகஸ்டுக் கடைசியில் கல்யாணம். அன்று பொன்சரிகை உடுப்பில் இன்னொரு தடவை உட்காருவாள். அதையும் நான் கெடுத்தால் அப்புறம் கேமராவைத் தொட மாட்டேன். மறுநாளே அவள் சூஸா நகரத்துக்குப் போய்விடுவாள்.

பிலிமை அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன் என்று நீ எழுதுவாய். அனுப்ப முடியாது. நீ என் அண்ணன்தான், ஆனாலும் ஆண்தானே. வாக்கு வாக்குதான். அதற்குப் பதிலாக நாலாவது பிலிமை அனுப்புகிறேன். அவள் வந்து உட்காருவதற்கு முன் வெளிச்சம் பார்க்க வெறும் சுவரை எடுத்தது. அதே தொட்டி, அதே மருந்து, அதே நேரம். அதில் எந்த முகமும் இல்லை. பார்த்துச் சொல்.

தலெந்தா

———

மார்சேய்
27 ஜூலை 1991

அன்புத் தங்கைக்கு,

சுகம். பிலிம் மடங்காமல் வந்தது. மறுக்கிறாயே என்று முதலில் கோபம்தான் வந்தது. பிறகு சுவரைப் பார்த்ததும் ஆறிவிட்டது. குறை கண்டுபிடிக்க இதைவிட நல்ல படம் கிடையாது. முகமிருந்தால் கண் முகத்துக்குத்தான் போகும்.

மருந்தில் தவறில்லை, தண்ணீரில் தவறில்லை. அம்மாவின் மழைத்தண்ணீர் வாழ்க. பட்டை ஒவ்வொன்றும் சட்டத்தின் ஒவ்வொரு துளைக்கு நேராக இருக்கிறது, அளந்து பார்த்தேன். நீ சட்டத்தை அடிக்கடி, அதுவும் வேகமாகத் தூக்கி இறக்கியிருக்கிறாய். துளை வழியே மருந்து பீய்ச்சி அடித்து, ஓரம் மட்டும் அதிகமாகக் கறுத்துவிட்டது. ஆனால் நீ நிதானக்காரி. ஊசியில் நூல் கோர்க்கக்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவள். அதனால் கேட்கிறேன்: இருட்டில் நேரத்தை எப்படிக் கணக்கு வைத்தாய்? கடிகாரமா, வேறு எதுவுமா? அதை எழுது, மீதியைச் சொல்கிறேன்.

எதிர்வீட்டைப் பற்றி இந்தத் தடவை நான் கேட்கவில்லை.

நெஜீப்

———

மஹ்தியா
6 ஆகஸ்ட் 1991

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நீ நலமாக இருக்க வேண்டும் என்று இதை எழுதும்போது எப்போதையும்விட அதிகமாக வேண்டிக்கொள்கிறேன்.

கடிகாரம் எடுத்துப் போனேன். வீடு நிறையப் பெண்கள், ஒரே குலவை, டிக்டிக் காதில் விழவே இல்லை. பெரியம்மா கதவுக்கு வெளியே உட்கார்ந்து, "நான் மருதாணிப் பாட்டுப் பாடுறேன், நீ அத வச்சு எண்ணிக்கோ" என்றாள். முந்தின நாள் வீட்டில் அவளைப் பாடவைத்துப் பார்த்திருந்தேன். ஒரு சரணத்துக்கு ஒரு நிமிடம், பிசகவில்லை. பல்லவி வரும்போதெல்லாம் சட்டத்தைத் தூக்கினேன். இரண்டு சரணம் வரை சரியாகத்தான் போயிற்று. அப்புறம் மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள், கைதட்டல், தர்புக்கா மேளம். நம் ஊர்ப் பெண்கள் மருதாணிப் பாட்டை எந்த வேகத்தில் முடிப்பார்கள் என்று உனக்குத் தெரியும். நானும் அந்த வேகத்துக்கே தூக்கி இறக்கியிருக்கிறேன். இருட்டில் எனக்கே தெரியவில்லை. உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் என் கை ஆடிக்கொண்டிருந்தது எனக்குப் புரிந்தது.

அந்தப் பாட்டில் மூன்றாவது சரணத்தில் பெண்ணின் பெயர் வரும். அந்தப் பெயரை நான் இங்கே எழுத வேண்டுமா அண்ணா?

சொல்லக் கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கிவிட்டாள். "தெரிஞ்சா அவன் காகிதத்தையும் வேலையையும் போட்டுட்டு ஓடி வந்துடுவான், அப்புறம் இங்கயும் இல்ல அங்கயும் இல்ல" என்று அழுதாள். அதனால் மார்ச்சில் நீ கேட்டதிலிருந்து உன் கேள்வியைத் தாண்டித் தாண்டி எழுதினேன். உன்மேல் எனக்குக் கோபமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். நாலு வருஷமாகப் பாதாம் பலகாரத்தை விசாரித்தாயே, பலகாரத்தையா கட்டிக்கொள்ளப் போகிறாய்? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அம்மாவைப் போய்ப் பெண் கேட்கச் சொல்லி எழுதியிருந்தால், அவள் அப்பா இன்னும் பத்துக் கோடை பொறுத்திருப்பார். அவளும் பொறுத்திருப்பாள்.

வந்துவிடாதே. வந்தாலும் நான் உனக்குத்தான் தங்கை.

தலெந்தா

———

மார்சேய்
15 ஆகஸ்ட் 1991

அன்புத் தங்கை தலெந்தாவுக்கு,

நான் சுகம். அம்மாவிடம் அப்படியே சொல். சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன், காகிதமும் இன்னும் வரிசையில்தான் இருக்கிறது. ஓடி வர மாட்டேன்.

உன் கடிதம் வந்த மறுநாள், கூடத்தில் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, இருட்டறையில் ஒரு சோதனை செய்தேன். வெறும் தண்ணீரில் சட்டத்தை வைத்துக்கொண்டு அந்தப் பாட்டைப் பாடினேன். முதலில் பெரியம்மாவின் நிதானத்தில். பிறகு கல்யாண வீட்டு வேகத்தில். பாட்டு எல்லாம் ஞாபகம் இருந்தது, அது ஆச்சரியம்தான். மூன்றாவது சரணத்தில் பெயர் சொல்ல வேண்டிய இடத்தில் நாக்கு நின்றுவிட்டது. நின்றால் தாளம் போய்விடும், சோதனை வீண். அதனால் சொன்னேன். பெய்யா என்று சொன்னேன். நாலு வருஷத்தில் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சத்தமாகச் சொன்னேன். கேட்க யாருமில்லை.

நீ கோபப்பட்டது நியாயம். காகிதம் கையில் வந்த பிறகு, நிமிர்ந்து நின்று கேட்கலாம் என்று இருந்தேன். வெறுங்கையோடு கேட்க வெட்கமாக இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

இனி உன் வேலைக்கு வருகிறேன். தொட்டியும் சட்டமும் இந்தத் தடவை வேண்டாம். தட்டுக்கே திரும்பு. ஒரு தட்டில் ஒரே ஒரு பிலிம். கீறுவதற்கு இன்னொரு மூலை அங்கே இருக்காது, பீய்ச்சத் துளையும் இருக்காது. தட்டின் ஒரு பக்கத்தை விரலால் மெல்லத் தூக்கி இறக்கு, அடுத்து மறுபக்கம், தொட்டில் ஆட்டுகிற மாதிரி. மூன்று படம் என்றால் மூன்று தடவை கழுவு. நாலையும் சேர்த்து முடிக்க என்ன அவசரம்? பல முகங்களை ஒரே நாளில் கழுவுகிற எங்கள் கூடத்துப் பழக்கத்தில் தொட்டியை உனக்கு அனுப்பிவிட்டேன். உனக்கு வேண்டியது ஒரு முகம். பெண்கள் பாடட்டும், நீ கடிகாரத்தைத் துணியில் சுற்றிக் காதோடு கட்டிக்கொள்.

மருதாணிப் படத்தையும் தூக்கிப் போடாதே. தாளில் எடுக்கும்போது பட்டை விழுந்த ஓரங்களுக்கு மட்டும் கொஞ்சம் அதிகம் வெளிச்சம் கொடு. நடுவைக் கையால் மறைத்து, கையை ஆட்டிக்கொண்டே இரு. முழுவதும் போகாது. ஆனால் கன்னத்தில் இருப்பது அடங்கிவிடும்.

ஊருக்குச் செப்டம்பர் கடைசியில் வருகிறேன், காகிதம் வந்தால். சுவர் பிலிமைத் திருப்பி அனுப்பவில்லை. அது என்னிடம் இருக்கட்டும். அதில்தான் யாரும் இல்லையே.

உன் அண்ணன்,
நெஜீப்

———

மஹ்தியா
3 செப்டம்பர் 1991

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் நலம். அம்மா உன் கடிதத்தை என்னைப் படிக்கச் சொல்லி மூன்று தடவை கேட்டாள். ஓடி வர மாட்டேன் என்ற வரி வந்ததும் ஒவ்வொரு தடவையும் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனாள். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை.

கல்யாணம் முடிந்தது. தட்டில்தான் கழுவினேன். அம்மாவே மக்ரூத் தட்டை எடுத்துக் கொடுத்தாள், மழைத்தண்ணீரும் அவளே இறைத்தாள். வெளியே தர்புக்கா இடித்த இடிக்குச் சுவரே அதிர்ந்தது. நான் காதில் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, விரலால் தட்டைத் தூக்கி இறக்கிக்கொண்டே இருந்தேன். மூன்று பிலிம், ஒன்றிலும் ஒரு குறை இல்லை. உடுப்பின் சரிகை இழை இழையாக எண்ணலாம்.

மறுநாள் காலையில், புறப்படும் முன், பெய்யாவிடம் காட்டினேன். முற்றத்தில் நின்று ஒவ்வொன்றாக வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு, இதையெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டாள். சொன்னேன்.

"அவர் என் படத்தப் பாத்தாரா?"

"இல்ல. நீ வந்து உக்கார்றதுக்கு முன்னாடி எடுத்த சுவர மட்டுந்தான் அனுப்புனேன். அத அவனே வச்சுக்கிட்டான்."

பிலிமை உறைக்குள் பத்திரமாகப் போட்டாள். வாசலில் கார் வந்து நின்றுவிட்டது, அவள் அம்மா கூப்பிட்டாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பிக் கேட்டாள்:

"சுவர் நல்லா வந்திருந்துதா?"

நன்றாக வந்திருந்தது என்று சொன்னேன்.

உன் வரவை எதிர்பார்த்து அம்மாவும் நானும்,
தலெந்தா